பொட்டலத்தின் மேல் பேர் வேண்டாம்: எங்கள் மாடித்தோட்டக் குழுவின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டீ வந்து எல்லாரும் எழுந்த நேரத்தில் ஒரு முடிவை வாசித்தீர்கள். இந்த ஆடியிலிருந்து பேர் சொல்லாமல் விதைப் பொட்டலம் மாற்றிக்கொள்வது கிடையாது. ஆளுக்கு 300 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் குழுவே கடையில் மொத்தமாக விதைப் பெட்டி வாங்கும். யாருக்கு யார் கொடுக்கிறார் என்று ஒவ்வொரு பெட்டி மேலும் பேரும் போன் நம்பரும் ஒட்டப்படும். மேடையில் பேர் வாசித்து, கைமாற்றி, போட்டோ எடுக்கப்படும். “யாருக்காவது ஆட்சேபணை இருக்குங்களா?” என்று கேட்டீர்கள். பாதிப் பேர் கையில் டம்ளர். என் வாயில் வடை. அப்போது சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்: எனக்கு ஆட்சேபணை இருக்கிறது.

நான் கீரமங்கலம் பக்கத்துக்காரி. ஆடி மாதம் என்றால் எங்கள் பக்கம் மொய் விருந்து. பேராவூரணி வரைக்கும் ஊருக்கு ஊர் பந்தல், கறிச்சோறு, ஓரமாக மேசை போட்டு நோட்டும் பேனாவுமாக நாலு பேர். எந்த ஊர், என்ன பேர், எவ்வளவு என்று எழுதி வாங்குவார்கள். அப்பா பழைய மொய் நோட்டுகளை பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டுவார். மொய்யை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது கணக்கு. பேர் இல்லாமல் மொய் கிடையாது. போன தடவை 500 வைத்தவருக்கு இந்தத் தடவை 500 மட்டும் திருப்பி வைத்தால் அது பேச்சாகிவிடும்.

நீங்கள் கொண்டுவந்திருப்பது மொய். மொய் என்று சொல்லியே தனியாக நடத்துங்கள், நானும் வந்து எழுதுகிறேன். ஆனால் ஆறு ஆடியாக நாம் செய்துவந்த காரியம் வேறு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்காதீர்கள்.

செயற்குழுவில் இப்போது பாதிப் பேர் புதியவர்கள் என்பதால் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்தான் 2019-இல் இதை ஆரம்பித்து வைத்தார். அவர் ஆபீசில் டிசம்பர் வந்தால் கிறிஸ்மா-கிறிஸ்சைல்டு விளையாடுவார்களாம். சீட்டில் யார் பேர் வருகிறதோ அவருக்குத் தெரியாமல் பரிசு வைப்பது. அதையே விதையை வைத்துச் செய்தால் என்ன என்று கேட்டார். கொடுப்பவர் ‘விதைமா’, வாங்குபவர் ‘விதைப்பிள்ளை’. பேர் கொஞ்சம் அசட்டுத்தனம்தான், ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது. மீசை வைத்த அண்ணன்களும் ‘என் விதைமா யாருன்னே தெரியலீங்க’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனி மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் மாடியைப் பற்றி நாலு வரி எழுதி, பித்தளைச் சொம்பில் போட வேண்டும். ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொள்வோம். யாருடைய சீட்டு யாரிடம் போனது என்பது பட்டியல் வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் தெரியும். ஆடி முதல் ஞாயிறு பொட்டலங்கள் குவியலாக மேசைக்கு வரும், மேலே நம்பர் மட்டும். கடையில் வாங்கியது எதுவும் கூடாது. சொந்த மாடியில் எடுத்த விதை அல்லது நறுக்கிய தண்டு, கூடவே கையால் செய்த ஏதாவது ஒன்று. நடுவில் விதைமாவிடம் கேள்வி இருந்தால் எழுதி, கூட்டத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போடலாம். பதில் அடுத்த மாதம் அதே டின்னில் வரும். பொங்கல் கூட்டத்தில்தான் யார் யாருக்குக் கொடுத்தார் என்று வெளியே சொல்வோம். 2020-இல் கூட்டமே நடக்காதபோதும் பட்டியல் வைத்திருந்தவர் ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் பொட்டலத்தைத் தொங்கவிட்டு வந்தார்.

“யாருன்னே தெரியாதவர் கொடுக்கறதுல நட்பு எப்படிங்க வளரும்?” என்று கேட்டீர்கள் ஐயா. எனக்கு எப்படி வளர்ந்தது என்று சொல்கிறேன்.

2019-இல் நான் கோவைக்கு வந்து எட்டு மாதம். வீட்டுக்காரருக்கு மாற்றல். அடுக்குமாடி வீடு. மொட்டை மாடியில் எங்களுக்கு ஒதுக்கியது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. குழுவில் எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. கூட்டத்துக்கு வந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், டீ குடிப்பேன், போய்விடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். எந்த ஊருங்க, வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க, குழந்தைங்க எத்தனை. அதற்கு மேல் இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இருக்காது.

சீட்டில் எழுதினேன்: ‘மதியம் வரை தொட்டி நிழல். அப்புறம் நல்ல வெயில். ஆறு மாடி உயரம், தேனீயைப் பார்த்ததே இல்லை. பாகல் வேண்டாம், வீட்டில் தொட மாட்டார்கள்.’

எனக்கு வந்த பொட்டலம் தினத்தாளில் மடித்து, ரப்பர் பேண்டு இரண்டு சுற்றுப் போட்டிருந்தது. உள்ளே சாம்பலில் புரட்டிய பீர்க்கன் விதை பத்து. ஒரு தீப்பெட்டியில் முள்கத்தரி விதை. முதுகு தேய்க்க முழம் நீளத்துக்கு ஒரு பீர்க்கங்கூடு. கூடவே ஒரு தாள்:

‘நாற்பது நாள் வாக்கில் பூ எடுக்கும். பீர்க்கன் பூ காலையில் விரியாது. நம்ம ஊர் வெயிலுக்கு 17.40-க்கு மேல் 18.30-க்குள் விரியும். உங்கள் மாடிக்குப் பூச்சி ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண் பூவைப் பறித்து இதழை மடக்கிவிட்டு, அடியில் பிஞ்சு இருக்கிற பூவின் நடுவில் தொடவும். அந்த நேரத்தில் அடுப்பில் வேலை இருந்தால் பிள்ளைகளை அனுப்பவும்.’

நான் எழுதிய நாலு வரியை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார். கோவைக்கு வந்த எட்டு மாதத்தில் அப்படி யாரும் என்னைக் கவனித்ததில்லை. எதிர்வீட்டுக்காரருக்கு என் பேர் தெரியும், எனக்கு அவர் பேர் தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 17.40. யார் அப்படி எழுதுவார்கள்? ரயில்வேக்காரர் என்று முடிவு கட்டினேன். டின்னில் ‘ரயில்வேங்களா?’ என்று சீட்டுப் போட்டேன். அடுத்த மாதம் பதில்: ‘தண்டவாளம் இல்லை.’ அதற்குப் பிறகு கூட்டத்தில் யார் வாட்ச் கட்டியிருக்கிறார்கள், யார் நேரத்துக்கு வருகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். ‘அண்ணா, நீங்க ஆஸ்பத்திரியில் இருந்தீங்களா’, ‘அக்கா, உங்க வீட்டில் யாராவது போலீஸா’ என்று கேட்டுக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்தேன். ஏழெட்டுப் பேரிடம் கேட்டிருப்பேன். ஒருவரும் என் விதைமா இல்லை. ஆனால் அதில் நாலு பேர் வீட்டு மாடிக்கு அந்த ஐப்பசிக்குள்ளேயே போய் வந்துவிட்டேன். கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவள்தான் நான்.

பொங்கலன்று எழுந்து நின்றவர் கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். “ட்ரிப் ஷீட்டுல எழுதி எழுதிக் கை அப்படியே பழகிப்போச்சும்மா,” என்றார். நான் அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லை. இன்றைக்கு எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நாங்கள் ஊருக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் அவர் பொறுப்பு. அவர் சம்சாரத்துக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போனது. அந்தப் பொட்டலத்தின் மேல் அவர் பேரும் நம்பரும் ஒட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘தேங்க்ஸ் ஐயா’ என்று ஒரு மெசேஜ், கும்பிடும் கை ஒன்று. அதோடு சரி.

நீங்கள் கூட்டத்தில் சொன்ன புகார்களுக்கு வருகிறேன். அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன்.

‘கொடுத்த விதை முளைக்கவில்லை’ என்று சில பேர். உண்மை. மூன்று வருடத்து வெங்காய விதையைப் பொட்டலம் கட்டியவர் இருக்கிறார். வெங்காய விதைக்கு ஆயுசு ஒரு வருடம்தான். அவருக்கு அது தெரியாது, மனசாரத்தான் கொடுத்தார். இதற்கு மருந்து ஒரு ஈரத்துணி. பத்து விதையைத் துணியில் மடித்து வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைவிடுகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும். பேரை ஒட்டுவதால் வெங்காய விதைக்கு உயிர் வந்துவிடாது.

‘சிறகு அவரை கொடி மட்டும் போனது, காயே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்த புகாரைக் கூட்டத்தில் படித்தீர்கள். ஆடியில் வாங்கிய விதையை அவர் ஊன்றியது பங்குனியில். சிறகு அவரை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். நீண்ட பகலில் எவ்வளவு உரம் போட்டாலும் இலையாகத்தான் விடும். ஐப்பசி வரை விட்டிருந்தால் பூத்திருக்கும், அவரோ ஆடியிலேயே பிடுங்கிப் போட்டுவிட்டார். டின்னில் ஒரு சீட்டுப் போட்டிருந்தால் விதைமா சொல்லியிருப்பார். அவர் சீட்டுப் போடவில்லை, நேராக உங்களிடம் வந்தார். நீங்களும் பட்டியல் வைத்திருந்தவரைக் கேட்கவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. ஒரு வருடம் நன்றாகக் காய்த்த தக்காளியிலிருந்து விதை எடுத்து ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்தேன். செடி ஹைப்ரிட் என்பதை மறந்துபோனேன். கார்த்திகையில் டின்னில் சீட்டு: ‘விதைமா, அஞ்சு செடி வெச்சேன், அஞ்சும் அஞ்சு மாதிரி காய்க்குது. ஒண்ணு கோலிக்குண்டு சைஸ். இது எந்த ரகம்?’ எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹைப்ரிட்டில் எடுத்த விதை தாயைப் போல வராது என்று விளக்கி, மன்னிப்புக் கேட்டு, கூடவே ஹைப்ரிட் இல்லாத பெரியகுளத்து பி.கே.எம்-1 தக்காளி விதை வைத்து அனுப்பினேன். பொங்கலுக்கு அவன் ஐந்து தக்காளியையும் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி, ‘விதைமாவின் குடும்பம்’ என்று அட்டை எழுதிக் கொண்டுவந்து வைத்தான். என் பேர் முதலிலேயே தெரிந்திருந்தால், வயசுக்கு மரியாதை என்று அந்தப் பையன் வாயே திறந்திருக்க மாட்டான்.

வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் எனக்கே பொட்டலம் வரவில்லை. எல்லாரும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் வெறுங்கையோடு நின்றேன், அது வலிக்கத்தான் செய்தது. இதற்கு நீங்கள் வழி செய்யத்தான் வேண்டும். ஆனால் நாலு பேர் கொடுக்காததற்காக, கொடுத்த அத்தனை பேரையும் நிறுத்துவது என்ன கணக்கு?

இப்போது 300 ரூபாய். நம் குழுவில் மூன்று வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறார். பேர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதால் எழுதுகிறேன். அவருடைய தோட்டம் என்பது ஆறு பெயிண்ட் வாளி. 2023-இல் அவர் வைத்தது மூக்குத்தி அவரை விதை. பழைய சேலைத் துணியில் சுருக்குப்பை தைத்து, அதற்குள் போட்டுக் கட்டியிருந்தார். நூல்கூடப் புடவையின் சாயத்துக்குப் பொருத்தமாக இருந்தது. அது போய்ச் சேர்ந்தது நம்மில் பெரிய மாடி வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு. அவர் கூட்டத்தில் பையைத் தூக்கிக் காட்டி, “இந்த வருஷம் வந்ததுலயே அழகான பொட்டலம் என்னுதுதான்” என்றார். தைத்தவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பொங்கல் வரை மூச்சு விடவில்லை. இப்போது அந்த இரண்டு பேரும் சனிக்கிழமை சேர்ந்துதான் உரம் வாங்கப் போகிறார்கள்.

போன வாரம் அவர் என்னிடம் சொன்னது இது: “இந்த வருஷம் நான் வரலீங்க அக்கா. முந்நூறு ரூவாய்ங்கிறது எனக்கு ஒரு வாரத்துக் காய்ங்க. கட்டாம இருந்தா மேடையில பேரு வாசிக்கறப்ப எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோயிருமில்லீங்க.”

‘வசதி இல்லாதவர்களுக்கு விலக்கு கொடுப்போம்’ என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். விலக்கு வேண்டும் என்று யாரிடம் போய், எந்த முகத்தோடு அவர் கேட்பார்? சொம்பு இருந்தவரை அவர் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போன் நம்பர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பாதிக்கு மேல் பெண்கள் இருக்கிற குழு இது. காலையில் ரோஜாப்பூ போட்ட ‘குட் மார்னிங்’கில் ஆரம்பித்து, ராத்திரி பத்தரை மணிக்கு ‘சாப்டாச்சா’ வரை போன அனுபவம் எனக்கு வேறொரு இடத்தில் உண்டு. நம் குழுவில் அப்படி இதுவரை இல்லை, இல்லாமல் இருக்கட்டும். நம்பர் கொடுப்பது அவரவர் விருப்பம். பெட்டி மேல் ஒட்டிக் கொடுப்பதற்குச் செயற்குழுவுக்கு உரிமை இல்லை.

கடைப் பெட்டியில் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். வெண்டை, கொத்தவரை, அரைக்கீரை, ஒரு ஹைப்ரிட் தக்காளி. வேண்டும் என்பவர் எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். 2013-14-இல் அரசு சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தொகுப்பில்தான் நம் மூத்த உறுப்பினர்கள் பலர் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொட்டலத்தில் வந்தது ஒவ்வொருவருடைய ஊர். எனக்கு வந்த தீப்பெட்டியில் இருந்தது வேலூர் இலவம்பாடி முள்கத்தரி. பெரியவரின் மாமியார் ஊர் அந்தப் பக்கம். பரமக்குடிக்காரர் ஒருவர் ராமநாதபுரம் முண்டு மிளகாய் வைத்தார். இந்த இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததே 2023-இல்தான். அதற்கு முன்பே இரண்டும் நம் மாடிகளில் காய்த்துவிட்டன என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் கேட்பது இவைதான்.

300 ரூபாய்ப் பெட்டித் திட்டத்தை இந்த ஆடிக்கு நிறுத்தி வையுங்கள். கட்டிவிட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வரும் ஆனிக் கூட்டத்தில், டீ வருவதற்கு முன்னால், இரண்டு வழிகளையும் சொல்லிச் சீட்டுப் போட்டு வாக்கெடுங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள், யார் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே கை தூக்கும் பழக்கம் நமக்கு உண்டு.

பொட்டல முறை தொடர்ந்தால் சில திருத்தங்களை நானே முன்மொழிகிறேன். ஈரத்துணியில் முளைப்புப் பார்க்காத விதை மேசைக்கு வரக்கூடாது. விதை எடுத்த மாதம், நாட்டு ரகமா ஹைப்ரிட்டா, எந்தப் பட்டத்தில் ஊன்ற வேண்டும் என்ற மூன்றையும் உள்ளே எழுதி வைப்பது கட்டாயம். விதையே இல்லாத புதியவர் தூதுவளைத் தண்டு வைக்கலாம், கற்பூரவல்லி வைக்கலாம், ஒரு துணிப்பை தைத்து வைக்கலாம். மூத்த உறுப்பினர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு உபரிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், பொட்டலம் வராதவர் எவரும் அன்றைக்கு வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. பத்தில் ஒன்று என்னுடையது. காரணம் சொல்லாமல் கொடுக்காதவர் அடுத்த வருடம் சொம்பில் சீட்டுப் போடக்கூடாது, அவ்வளவு போதும். அவர் பேரையும் மேடையில் வாசிக்க வேண்டாம்.

போன் நம்பர், முகவரி இரண்டும் எந்த முறையிலும் ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்று தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

சீட்டு எழுதி, எடுத்து, முளைப்புப் பார்த்து, பொட்டலம் கட்ட குறைந்தது மூன்று வாரம் வேண்டும். ஆனிக் கூட்டத்தைத் தாண்டினால் ஆடிப்பட்டம் போய்விடும். அதனால் பதிலை அந்தக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் குழுவின் ஆறு வருட உறுப்பினர்